தட்டு விழுந்தால் பேச்சு நிற்கும்

எங்கள் வார்டில் டாக்டருக்கும் நர்சுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் ஒரு தட்டு கீழே விழும். அதுதான் ஏற்பாடு. சிரிக்காதீர்கள், ரொம்ப நாள் அது நன்றாகத்தான் ஓடியது.

தட்டு என்றால் சோற்றுத் தட்டு இல்லை. கிட்னி ட்ரே என்போம். இடுப்பு வளைந்த எவர்சில்வர் தட்டு. ஊசி வைப்போம், அழுக்குப் பஞ்சு போடுவோம், அவசரத்துக்கு வாந்தியும் பிடிப்போம். கட்டிலுக்குக் கட்டில் ஒன்று உண்டு. அது தரையில் விழுந்தால் பக்கத்து வார்டில் தூங்குகிறவர்களுக்கும் தூக்கிவாரிப் போடும்.

நான் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் பகல் பொறுப்பு நர்ஸ். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் எங்கள் சர்ஜனைப் பார்த்ததில்லை, பாவம். அந்த மனிதருக்கு மூக்கு முழுக்கவே கோபம்தான். முதுகுக்குப் பின்னால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலை ரவுண்ட்ஸுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் கடைசிக் கட்டிலில்தான் நிற்பார். நடுவில் படுத்திருப்பவர்கள் கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். சார்ட்டைப் படிக்கும் பழக்கமும் கிடையாது. "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். ஆனால் கை இருக்கிறதே, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வயிற்றில் நாலு விரலை வைத்தாரென்றால் உள்ளே நடப்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். இதை நான் அவரிடம் சொன்னதேயில்லை. சொன்னால் அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.

தட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஒரு நோயாளிக்குத் தையலை இன்றைக்கே பிரிக்கலாம் என்றார் அவர். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன் நான். இன்றைக்கு என்றார், நாளைக்கு என்றேன். குரல் ஏறியது. நோயாளியின் கணவர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டி, மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். போகிற போக்கில் நிர்வாக அதிகாரியிடம் ஒரு புகார்.

அதிகாரி எங்களுக்குக் குழு உணர்வுப் பயிற்சி ஏற்பாடு செய்தார். கழுத்தில் மைக் மாட்டிய ஒரு ஆசாமி வந்து பலூன் ஊதச் சொன்னார். ஊதினோம். பிறகு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், இன்னொருவர் பிடிக்க வேண்டும், அதுதான் நம்பிக்கை என்றார். எக்ஸ்பிரஸ் சாய்ந்தார். பிடிக்க வேண்டியவள் நான். அந்த நேரம் பார்த்து வார்டில் யாரோ மணியடித்தார்கள், என் தலை தானாகத் திரும்பிவிட்டது. அவர் இடுப்பில் ஒரு வாரம் பெல்ட் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்தார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்கு டீ இறங்காது.

பயிற்சி முடிந்து அதிகாரி போட்ட உத்தரவு இதுதான்: நோயாளி முன்னால் டாக்டர் சொன்னதை நர்சோ, நர்ஸ் சொன்னதை டாக்டரோ மறுத்துப் பேசக்கூடாது. சரி, பேச வேண்டாம். ஆனால் கண்ணெதிரே தப்பு நடந்தால் என்ன செய்வது? ஒரு நாள் அவர் சொன்ன மருந்து அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க முடியாத எரிச்சலில் கையிலிருந்த தட்டைத் தவறவிட்டேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "அப்புறம் பார்க்கலாம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிறகு நர்சுகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆற அமரச் சண்டை போட்டோம்.

அடுத்த வாரம் அவர் போட்டார். ஆபரேஷனுக்குப் போகப்போகிற ஒருத்திக்கு, கேட்கிறாளே என்று இரக்கப்பட்டு, ரெண்டு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்றேன். பின்னால் டணார் என்றது. அப்படியே வழக்கமாகிவிட்டது. யாருக்கு மற்றவர் சொல்வது தப்பு என்று படுகிறதோ அவர் தட்டைப் போடுவார். தட்டு விழுந்தால் மற்றவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். எங்கள் வார்டில் மட்டும் தட்டுகள் ஏன் இப்படி நசுங்கிப்போகின்றன என்று ஸ்டோர்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

இந்த அழகில்தான் பார்லர்காரி வந்து சேர்ந்தாள்.

அழகுநிலையம் நடத்துகிறவள். அப்பென்டிக்ஸ் வீங்கி, சுற்றிலும் கட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே கத்தி வைக்காமல் ஊசி மருந்திலேயே வற்றவைத்துப் பார்க்கலாம் என்றார் எக்ஸ்பிரஸ். வற்றியது. வலி குறைந்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து நூலை எடுத்தாள். ஒரு வாரத்தில் வார்டில் திருந்தாத புருவமே கிடையாது. எனக்கும் செய்தாள். என் வீட்டுக்காரர், யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்றார். எக்ஸ்பிரஸின் புருவம் ரெண்டும் நடுவில் கைகோத்துக்கொண்டிருக்கும். அதையும் ஒரு நாள் "ஒரே நிமிஷம் டாக்டர்" என்று உட்காரவைத்துப் பிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டிலில் ஐந்து நிமிஷம் தங்கினார்.

அவளுக்கு ஒரு தங்கை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தங்கையை வளர்த்தவள் இவள்தான். அந்தத் தங்கைக்குக் கல்யாணம். கல்யாணத்தன்று உன் முகத்தை என் கையால்தான் தொடுவேன், வேறு எவளும் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்லிவைத்திருக்கிறாளாம். ஊரார் பெண்களுக்கெல்லாம் செய்துவிட்டு என் பிள்ளைக்குச் செய்யாமல் போவேனா என்பாள். தங்கையைப் பிள்ளை என்றுதான் சொல்வாள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்று எக்ஸ்பிரஸும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காலையில் வெப்பம் பார்த்தேன். லேசாகக் காய்ச்சல். காலை டிபனைத் தொடவில்லை. கேட்டால், சந்தோஷத்தில் பசிக்கவில்லை என்றாள். முகத்தில் மட்டும் அப்படி ஒரு களை. கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சிவப்பு. வீட்டுக்குப் போகிற குஷியில் காலையிலேயே அலங்காரம் செய்துகொண்டாளாக்கும் என்று நினைத்தேன். எனக்கு மனது ஒப்பவில்லை. ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எக்ஸ்பிரஸ் வந்தார். அவள் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கட்டிலின் மறுபக்கம் டிரிப்ஸ் பாட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் "இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். அதே நேரத்தில் நான் "டாக்டர், காலையில..." என்று ஆரம்பித்தேன்.

டணார்.

தட்டு கட்டிலடியில் உருண்டு ஓடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் போட்டுவிட்டார், காய்ச்சல் விஷயம் அவருக்குத் தெரியும், இவள் முன்னால் பேச வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்த விரல் அவருடையது. அந்த விரலே சரி என்றால் நான் யார் குறுக்கே பேச? அவரும் வாயை மூடிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போகட்டும்" என்றார். வழக்கமாக இதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சண்டை உண்டு. அன்றைக்கென்று விபத்துக் கேஸ் ஒன்று வந்து அவரை ஆபரேஷன் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கும் சண்டை போடத் தோன்றவில்லை. போகட்டும், ஒரு தடவை விட்டுக்கொடுப்போமே என்று பெரிய மனது பண்ணிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு முன்னால் தங்கை வந்துவிட்டாள். காகிதமெல்லாம் முடிந்தது. பார்லர்காரி எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மா மட்டும் என்னவோ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தே போகிறேன் என்றவளை, அதெல்லாம் நடக்காது என்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். அவள் செருப்பு கழன்றது. குனிந்து எடுக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். மூச்சும் நின்ற மாதிரி இருந்தது. நான் எடுத்து மாட்டிவிட்டேன். மாட்டும்போது கால் சில்லென்று இருந்தது.

லிஃப்ட் முன்னால் நிற்கிறோம். கதவு திறந்தது. உள்ளேயிருந்து எக்ஸ்பிரஸ், தலையில் தியேட்டர் தொப்பியோடு. எங்களைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சந்தோஷமா சிஸ்டர்? நீங்க நெனச்ச மாதிரியே நடந்துடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "நான் என்னத்த நெனச்சேன்? நீங்க அனுப்பச் சொன்னீங்க, அனுப்புறேன்."

"நானா? இன்னைக்கு வேண்டாம்னு சொல்ல வாயத் தெறந்தேன். நீங்கதானே தட்டப் போட்டீங்க."

"நான் எங்க போட்டேன்? காலையில காய்ச்சல் அடிச்சதுன்னு சொல்ல வந்தேன், நீங்க போட்டீங்க."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு ரெண்டு பேரும் மெதுவாகக் குனிந்து நாற்காலியைப் பார்த்தோம்.

பார்லர்காரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்த பஞ்சை, தங்கை கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். சிவப்பெல்லாம் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் இருந்த முகம் சுண்ணாம்பு. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அடிப்பாவி, எத்தனை முகத்தைப் பார்த்தவள் நான், என்னையே பவுடர் போட்டு ஏமாற்றிவிட்டாளே என்று அத்தனை கோபத்திலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எக்ஸ்பிரஸ் அங்கேயே முட்டி போட்டு அவள் வயிற்றில் கை வைத்தார். எப்போதிருந்து வலி என்று கேட்டார். நேற்று ராத்திரியிலிருந்து என்றாள். கட்டி உள்ளே உடைகிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கே திறந்தாக வேண்டும் என்றார். தங்கை அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் டாக்டர்" என்றாள் பார்லர்காரி. "அவளுக்கு நான் ஒருத்திதான். முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

எக்ஸ்பிரஸ் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நோயாளி முன்னால் பேசக்கூடாது என்ற உத்தரவு, பலூன், மைக் ஆசாமி எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"டாக்டர் சொல்றது சரி" என்றேன். "நானும் காலையிலேருந்து அதையேதான் சொல்ல வந்தேன். இப்ப வீட்டுக்குப் போனா நாளைக்குக் கல்யாண வீட்டுலேருந்து உன்னைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க."

அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றீங்களா?"

"ஆமா."

"அப்ப நெஜமாவே மோசம்தான்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

தியேட்டர் தயாராகும்வரை அவள் நகப்பூச்சை நான் துடைத்தேன். மயக்கம் கொடுக்கும்போது நகத்தின் நிறம் தெரிய வேண்டும். ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் துடைக்க அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தட்டு விழுந்தால் டாக்டர் பேச்சை மாற்றிவிடுவார் என்று அவள் வந்த ரெண்டாம் நாளே டீச்சரம்மா சொல்லிக்கொடுத்துவிட்டாராம். வார்டு முழுக்கத் தெரியுமாம். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது இன்றைக்குத் தட்டு யார் பக்கம் விழும் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடுமாம். நாங்கள்தான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "கோபமா அக்கா?" என்றாள். அதுவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். செத்துத் தொலைக்கப் பார்த்தாயே, கோபப்படாமல் கொஞ்சுவார்களா என்று வைதுவிட்டு, மிச்ச விரல்களையும் துடைத்தேன்.

உள்ளே சீழ் வழிய ஆரம்பித்திருந்தது. எக்ஸ்பிரஸ் சுத்தமாகக் கழுவி, ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைத்துவிட்டு வெளியே வந்தார். ஒரு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார். பிறகு, அன்றைக்கு என்னைப் பிடிக்காமல் விட்டீர்களே, இவளையாவது பிடித்தீர்களே என்று இடுப்பைத் தடவிக்கொண்டார். நாற்காலி தள்ளியது நான், லிஃப்டில் வந்து விழுந்தது நீங்கள் என்றேன்.

அன்றோடு தட்டு வழக்கத்தைத் தலைமுழுகினோம். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டீச்சரம்மா கட்டிலருகே நின்று, அந்த மருந்து வேண்டாம் என்று நான் வாய்விட்டே சொன்னேன். ஏன் என்று அவரும் வாய்விட்டே கேட்டார். டீச்சரம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் உடம்பைப் பற்றித் தானும் ரெண்டு வார்த்தை சொல்லலாமா என்றார். சொன்னார். நாங்கள் ரெண்டு பேருமே நினைக்காத விஷயம் அது.

அன்று சாயங்காலம் கல்யாணம். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் தங்கை வந்து நின்றாள். கல்யாணப் புடவை, கழுவின முகம், கையில் அக்காவின் மேக்கப் பெட்டி. நீ இல்லாமல் வேறு எவள் கையையும் முகத்தில் படவிட மாட்டேன், இப்படியே போய் உட்காருவேன் என்றாள். அக்காவுக்கு ஒரு கையில் டிரிப்ஸ். இன்னொரு கையைத் தூக்கிப் பார்த்தாள், தூரிகை பிடிக்கத் தெம்பில்லாமல் நடுங்கியது. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"கொடு இங்க" என்று பெட்டியை வாங்கினேன். "நீ சொல்லு, நான் போடறேன். ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை இது, ஒரு மை போட முடியாதா?"

அக்கா சொல்லச் சொல்லப் பவுடர் போட்டேன், கன்னத்துக்குச் சிவப்புப் போட்டேன். தேய்க்காதீங்க, ஒத்துங்க என்றாள். ஒத்தினேன். குழாயைப் பார்க்க வந்த எக்ஸ்பிரஸ், இதென்ன கூத்து என்றார். வெளிச்சம் போதவில்லை என்றேன். அந்த மனிதர் காயம் பார்க்கிற பெரிய விளக்கை உருட்டிக்கொண்டு வந்து மணப்பெண் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கண்ணுக்கு மை தீட்டினேன். இடது கண்ணுக்கும் தீட்டினேன். கொஞ்சம் வால் நீட்டினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. "சரியா இருக்கு, நீட்டுங்க" என்றார் எக்ஸ்பிரஸ், என்னவோ பெரிய நிபுணர் மாதிரி. அபூர்வமாக ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. நீட்டப் போனேன்.

டணார்.

நானும் அவரும் அப்படியே கல்லாய்ச் சமைந்துவிட்டோம். கட்டிலில் பார்லர்காரி, தட்டைத் தள்ளிவிட்ட முழங்கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் பவுடரே இல்லாமல், வெளிறிப்போய், தையல் வலிக்கிறதே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம் பார்க்கலாம்" என்று நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.